சாமிப் பாத்தியில் அடித்த மருந்து

அன்று காலை சாமிப் பாத்தி ஓரம் இருந்தவர்கள் இவர்கள்.

என் வீட்டுக்காரர். இடுப்பில் மஞ்சள் வேட்டி, கையில் காப்பு. மேலே சட்டை இல்லை. காலில் செருப்பு இல்லை.

தோட்டத்துக்குச் சொந்தக்காரர். எழுபதை நெருங்குகிற வயது. ஊரே அவரை நைனா என்றுதான் கூப்பிடும். நாங்களும் அப்படித்தான்.

என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. பூப் பறிக்க வந்தவள்.

பூப் பறிக்கிற இன்னொரு அம்மா. எங்கள் பின்தெரு. விரல் நுனி பத்தும் தோல் உரிந்தவர். வருடக்கணக்காக உரிந்துகொண்டே இருக்கிறது.

வரப்பின் மேல் பதினாறு லிட்டர் டேங்க் ஒன்று. அதையும் ஒரு ஆளாகத்தான் சேர்க்க வேண்டும். பதினாலு வருடம் என் வீட்டுக்காரர் முதுகில் குந்தியிருந்தது.

கடைசியாக நான். என் காலில் செருப்பு இருந்தது. சண்டை அதனால்தான்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாவது வரைக்கும் போனேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. நைனாவுக்கு ஒன்றரை ஏக்கர் மல்லி. அதில் கிணற்றுப் பக்கம் முப்பது சென்ட்தான் சாமிப் பாத்தி. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகிற காவடிப் பூ அங்கேதான் எடுப்பார்கள். நைனாவின் தகப்பனார் வைத்த நேர்த்தி. அந்தப் பாத்திக்குச் சட்டம் உண்டு. செருப்போடு இறங்கக்கூடாது. வீட்டுக்கு விலக்கானவள் இறங்கக்கூடாது. பூவை முகரக்கூடாது, முகர்ந்த பூ சாமிக்கு ஆகாது. பறிக்கிறவர்களின் மூச்சுகூடப் பூவில் படக்கூடாது. அதற்காக மூக்கையும் வாயையும் சேர்த்து மஞ்சள் துணி கட்டிக்கொள்ள வேண்டும். துணியை நைனா வீட்டிலிருந்தே கொடுப்பார்கள். துவைத்து, மடித்து.

ஆடி பிறந்துவிட்டால் அந்தப் பாத்தியில் காப்பு கட்டிய விரதக்காரன்தான் மருந்து அடிக்க வேண்டும். வேறு ஆள் கால் வைக்கக்கூடாது.

விரதக்காரன் என் வீட்டுக்காரர். விரதக்காரன் சட்டை போட மாட்டான். செருப்பு போட மாட்டான். பொழுது சாய்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்க மாட்டான். அப்படியேதான் டேங்கைத் தூக்கி மாட்டினார். வெறும் உடம்பு, வெறும் கால், வெறும் வயிறு.

பூவின் மேல் எங்கள் மூச்சு படாமல் இருக்கத் துணி கொடுத்தார்கள். அவர் மேல் மருந்து படாமல் இருக்க ஒன்றும் கொடுக்கவில்லை.

இது பதினாலு வருடம் என் கண்ணில் படவில்லை. நான் வேறு எங்கும் போய்விடவில்லை. அங்கேதான் நின்றேன், துணியைக் கட்டிக்கொண்டு.

ஆடி மாதம் மட்டும் இல்லை. மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் பூக்காலம். ஏழு மாதமும் ஒன்றரை ஏக்கருக்கும் அவர்தான் அடித்தார். மற்ற மாதங்களில் சட்டை இருக்கும். பட்டன் இருக்காது. மொக்குப்புழு விழுந்துவிட்டால் பூ போச்சு. அதனால் வாரத்துக்கு இரண்டு நாள் மருந்து.

கிணற்றிலிருந்து தண்ணீர் சுமப்பது என் வேலை. ஒரு டேங்குக்கு ஒரு குடம். மருந்தை அளந்து கலக்குவதும் நான்தான். பாட்டில் மூடியே அளவு. குச்சி கிடைத்தால் குச்சியால் கலக்குவேன். கிடைக்காத நாளில் கையை விட்டுக் கலக்குவேன். நைனா வரப்பில் நின்று பார்ப்பார்.

"இன்னும் ஒரு மூடி ஊத்தும்மே. புழு சாவறதுக்கா, இல்ல குளிக்கறதுக்கா கலக்கற?"

ஊற்றுவேன்.

டேங்க் மூடி ஒழுகும். வாஷர் போய்விட்டது, மாற்றலாம் என்று நைனாவிடம் சொன்னோம். பார்க்கலாம் என்றார். ஒழுகினது முதுகு வழியாக இறங்கி வேட்டியில் ஊறும். முதுகெலும்பு நெடுக அவருக்கு ஒரு கறுப்புத் தடம் விழுந்தது. இன்றைக்கும் இருக்கிறது. சோப்புக்குப் போகவில்லை.

ஏழு வருடம் முன்னால் ஒரு நாள் அடுப்பில் கருவாடு தீய்ந்தது. நான் வெளியே தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். அவர் அடுப்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வீட்டிலிருந்து என் நாத்தனார் ஓடிவந்தாள்.

"இன்னா அண்ணா, ஊரே நாறுது. உனக்குத் தெரியல? மூக்க எங்கனா வாடகைக்கு உட்டுட்டியா?"

அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் தோட்டத்தில் வேறு பாத்திப் பூவை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. பெட்ரோலை மோந்தார். ஒன்றும் இல்லை. பயந்துபோய் நைனாவிடம் சொன்னார்.

நைனா மலைப் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"டேய், முருகன் உன் வாசத்த எடுத்துகினாருடா. இனிமே நீ சாமிப் பூவுல மூஞ்சி வெச்சாலும் மோந்ததா ஆவாது. இந்த மாதிரி ஒருத்தனத்தான் எங்கப்பா தேடிகினே இருந்தாரு."

அந்த ஆடிக்கு என் வீட்டுக்காரர் தோளில் துண்டு போர்த்தினார்கள். பூக்காவடி கட்ட அக்கம்பக்கத்து ஊரிலிருந்தெல்லாம் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். வாசம் தெரியாத விரதக்காரன் என்று பேர். கிருத்திகைக்குக் கிருத்திகை மலை ஏறி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வருவார். எதற்கு என்றால், மூக்கை எடுத்துக்கொண்டதற்கு.

நானும் பெருமைப்பட்டேன். நாலு பேரிடம் சொன்னேன். யாரை மன்னித்தாலும் அதற்காக என்னை மன்னிக்க மாட்டேன்.

இந்தத் தை மாதம் வலது கை ஆட ஆரம்பித்தது. டீக்கடையில் கிளாஸை இரண்டு கையால் பிடித்தார். அப்படியும் சட்டையில் கொட்டிக்கொண்டார். நடை சின்னதாகிவிட்டது. வாசல்படியில் வந்து நின்றுவிடுவார். கால் தூக்க வராது.

"இன்னாய்யா நின்னுட்ட?"

"கால் கேக்க மாட்டேங்குதுமே. நான் சொல்றேன், அது வரமாட்டேங்குது."

மாசியில் டேங்க் மாட்ட அவரால் ஆகவில்லை. நைனா மற்ற பாத்திகளுக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டார். ஒரு பேச்சு இல்லை. எப்படி இருக்கிறாய் என்று வந்து பார்க்கவும் இல்லை.

உள்ளூரில் ஊசி போட்டார்கள். சத்து மாத்திரை கொடுத்தார்கள். ஆனியில் திருத்தணியில் ரயிலேறிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்கள் சீட்டு வந்தபோது மத்தியானம். டாக்டர் சின்ன வயதுப் பெண்.

விரலைத் தட்டச் சொன்னார். எழுந்து நடக்கச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னார். என் வீட்டுக்காரருக்குப் பெயர் மட்டும் எழுதத் தெரியும். முதல் எழுத்து பெரிதாக வந்தது. போகப்போகச் சிறுத்து, கடைசி எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாசனை தெரியுதாங்க?"

இவர் சிரித்தார். அன்று முழுக்க அப்போதுதான் சிரித்தார்.

"அது முருகன் எடுத்துகினாருங்க. ஏழு வருஷம் ஆவுது."

டாக்டர் சிரிக்கவில்லை. "என்ன வேலை செய்றீங்க?"

"மருந்து அடிக்கறது. மல்லித் தோட்டத்துல."

"கையுறை, முகமூடி ஏதாவது போடுவீங்களா?"

"விரதத்துல சட்டையே போடக்கூடாதுங்க."

"செருப்பு?"

"அதுவும் கூடாது."

"சாப்பிட்டுட்டுத்தானே அடிப்பீங்க?"

"விரதம்ங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னார். இது மூளை நரம்பில் வருகிற நோய், இதில் நிறையப் பேருக்கு மூக்குதான் முதலில் போகும். பல வருடம் கழித்துத்தான் கை ஆடும். ஒரு ஆளைக் காட்டி, இவருக்கு மருந்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வருடக்கணக்காக மருந்து அடிக்கிறவர்களுக்கு இது அதிகம் வருகிறது. முழுசாகக் குணமாகாது. மாத்திரையில் பிடித்து நிறுத்தப் பார்க்கலாம்.

"ஆனா இனிமே டேங்க் தோள்ல ஏறக்கூடாது. ஒரு தடவைகூட. புரியுதா?"

"ஆங்," என்றேன்.

"இதுவரைக்கும் மொத்தம் எத்தனை டேங்க் அடிச்சிருப்பீங்க?"

"அத யாருங்க எண்ணுவாங்க?" என்றார் இவர்.

"அடுத்த தடவை வரும்போது எண்ணிட்டு வாங்க. எழுதி வைக்கணும்."

அப்புறம் என்னிடம், "நீங்களும் அங்கதான் வேலையா?"

"தண்ணி சுமப்பேன். கலக்குவேன்."

"கையாலயா?"

"ஆங்."

"குழந்தைங்க?"

"ஒரு பொண்ணு. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி பொறந்தவ. அதுக்கப்புறம் ரெண்டு தங்கல."

அதையும் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். அரக்கோணம் தாண்டியது. மலை தெரிய ஆரம்பித்ததும் சொன்னார்.

"ஏழு வருஷமா அதுக்குத் தேங்காய் ஒடச்சனேமே."

வீட்டுக்கு வந்ததும் பரணில் கிடந்த பழைய மருந்துப் பாட்டிலை எடுத்தேன். அதோடு ஒட்டின தாளை விரித்தேன். பத்துப் பதினைந்து பாஷை. தமிழ் ஒரு மூலையில், பொடி எழுத்து. விளக்கைக் கிட்டே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பக்கத்தில் படம் போட்டிருந்தது. படத்தில் இருந்தவன் பூட்ஸ் போட்டிருந்தான். கையுறை, முகமூடி, முழுக்கை சட்டை, கண்ணாடி எல்லாம் போட்டிருந்தான். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு ஆளை நான் பார்த்ததே இல்லை. விற்றவனுக்குத் தெரியும். அச்சடித்தவனுக்குத் தெரியும். சுமக்கிறவனுக்கு மட்டும் தெரியாமல் இருக்கும்படி எழுதியிருக்கிறார்கள். இதில் பாட்டில் மேலே சிவப்புக் கட்டம் வேறு, கொடிய விஷம் என்று அதற்கு அர்த்தம். சிவப்பு போட்டிருந்தால் புழு சீக்கிரம் சாகும் என்று நைனா சொல்வார். நாங்கள் அதைத் தேடி வாங்கினோம்.

ஆடி பிறந்த நாலாம் நாள் நைனா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வாசல் மிதித்தது அதுதான் முதல் தடவை.

"இன்னாடா, ஒடம்பு சரியில்லன்னாங்க."

"ஆமா நைனா."

"காப்பு கட்டிக்கிட்டியே, அது போதும். சாமிப் பாத்தியில புழு விழுந்துட்டுது. மூணே டேங்க். நீ வந்தாதான் ஆவும்."

நான் முன்னால் வந்தேன். "டாக்டர் கூடாதுன்னுட்டாங்க நைனா. மத்த பாத்திக்கு அடிக்கறவரு இருக்காரே, அவர இறக்கு."

"அவன் விரதமா? பீடி குடிச்சிகினே அடிக்கறான். சாமிப் பாத்திம்மே அது."

"அப்ப இவரு சட்டையும் செருப்பும் போட்டுகினு, மூக்குல துணி கட்டிகினு அடிக்கட்டும். உடுவியா?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார். "மூக்க எடுத்தவரு கைய சரி பண்ண மாட்டாராடா? சொல்லு. இத்தினி வருஷம் செஞ்சுட்டு இப்ப உட்டுட்டா அவரு இன்னா நெனைப்பாரு?"

போய்விட்டார். பேச்சு வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

"போவ மாட்ட இல்ல?"

"மூணு டேங்க்தானமே."

"டாக்டர் ஒண்ணுகூட கூடாதுன்னாங்க."

"இந்தக் கைக்குத்தான் வேண்டிகினு காப்பு கட்டியிருக்கறேன். காப்ப கட்டிகினு வேலைக்கு வரலன்னா எப்படி?"

"கைக்கு வேண்டிகினு கைய அழிக்கற வேலைக்குப் போறன்ற. மூளையும் போய்ட்டுதா?"

"அதுக்கும் ஒரு தேங்காய் ஒடச்சா சரியாப் பூடும்," என்றார்.

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டைத் தூக்கி எறிந்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல் தடவை.

மறுநாள் விடிந்ததும் நான் குடத்தோடு குழாயடிக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. மஞ்சள் வேட்டியும் இல்லை. குடத்தை வாசலிலேயே போட்டுவிட்டு நடந்தேன். ஓடவில்லை. கோபத்தில் எனக்குக் கால் மெதுவாகத்தான் போகும்.

மேலே சொன்னேனே, அவ்வளவு பேரும் அங்கே இருந்தார்கள். டேங்க் கலக்கி வைத்திருந்தது. கலக்கினது நைனாவே, குச்சியால். என் வீட்டுக்காரர் ஒரு பக்கத்து வாரை மட்டும் தோளில் மாட்டியிருந்தார். இன்னொரு வாரைக் கை பிடித்தது, விட்டது. பிடித்தது, விட்டது. நைனா அந்த வாரை எடுத்து அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

நான் செருப்போடு சாமிப் பாத்தியில் இறங்கினேன்.

"ஏய்! செருப்பு! செருப்பு!" என்று நைனா கத்தினார்.

துணி கட்டவில்லை. முதல் செடியில் குனிந்தேன். மொக்கும் பூவுமாக இருந்த கிளையை இழுத்து மூக்கை வைத்து இழுத்து முகர்ந்தேன். பதினாலு வருடத்தில் அந்தப் பூவை அன்றுதான் முகர்ந்தேன். முதலில் மருந்து நெடி வந்தது. தொண்டையைப் பிடித்தது. அதற்கு அடியில்தான் மல்லி வந்தது, கொஞ்சமாக.

அடுத்த செடி. அதற்கடுத்த செடி. வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை. ஒவ்வொன்றாகக் குனிந்து முகர்ந்தேன்.

"உனக்குப் பைத்தியமா புடிச்சுது? மலைக்குப் போற பூம்மே! முருகன் சும்மா உடமாட்டாரு!"

"வரட்டும் நைனா. நேரா என்னாண்ட வரட்டும். கேக்கறதுக்கு எனக்கும் இருக்குது."

"இந்தப் பூ முச்சூடும் தீட்டாப் பூடுச்சே!"

"அதுக்குத்தான் மோக்கறேன்."

நாத்தனார் வரப்பில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். துணிக்கு மேலே கையும் வைத்துப் பொத்தியிருந்தாள். நான் மூன்றாவது வரிசை முடித்து ஐந்தாவதில் நுழைந்தேன். அவள் துணியை இறக்கினாள்.

"அண்ணி, அந்த வரிசைய உட்டுட்டியே," என்றாள்.

தோல் உரிந்த அம்மா தன் துணியை அவிழ்த்தார், பாத்தியில் இறங்கினார், நான் விட்ட வரிசையில் குனிந்தார்.

நிமிர்ந்து என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வார் இன்னும் ஒரு தோளில் தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை. எங்கள் மூன்று பேர் மூக்கையும் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"சாமிக்கு ஆவாத பூவு நைனா," என்றார். "இதுக்கு எதுக்கு விரதக்காரன்?"

தோளை ஒரு பக்கமாகச் சாய்த்தார். டேங்க் வரப்பில் இறங்கியது. மூடி வழியாகக் கொஞ்சம் ஒழுகியது. வாஷர் இன்னும் மாற்றவில்லை.

எங்களுக்கு இனிமேல் அந்தத் தோட்டத்தில் வேலை இல்லை என்று நைனா அங்கேயே சொல்லிவிட்டார். சரி என்றேன். கிருத்திகைக்கு மலை ஏறினோம். காவடி எடுக்கவில்லை. அவருக்குச் சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். படி முழுக்கக் கையைப் பிடித்துக்கொண்டேன். கும்பிட்டோம். இந்த முறை தேங்காய் உடைக்கவில்லை.

மற்ற பாத்திகளுக்கு அடிக்கிற ஆளை அடுத்த ஆடிக்குக் காப்பு கட்டச் சொல்லியிருக்கிறாராம் நைனா. பீடியை விடச் சொல்லியிருக்கிறாராம். கேள்விப்பட்டதும் அந்த ஆள் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்டாட்டி வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மருந்து அடித்த சட்டை. வெறுங்கை.

"உங்க வூட்டுக்காரருக்கு மூக்கு எப்படி இருக்குது?"

"இன்னாக்கா இது கேள்வி? நல்லாதான் இருக்குது."

"தெனம் கேளு. எத்தினி டேங்க்னு இன்னையிலருந்து எண்ணி வை. பின்னாடி கேப்பாங்க."

"வேலை உங்கள உட்டுப் போன வயித்தெரிச்சல்ல வந்து பேசற," என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழு வருடம் முன்னால் யாராவது வந்து சொல்லியிருந்தால் நானும் சாத்தியிருப்பேன்.

ஆவணியில் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் நாள் உட்கார்ந்து எண்ணினேன். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால். அவருக்குத்தான் கணக்குத் தெரியாது. தண்ணீர் சுமந்தவள் நான். ஒரு குடம் ஒரு டேங்க். என் இடுப்புக்குத் தெரியும். பூக்காலம் முப்பது வாரம். வாரத்துக்கு இரண்டு நாள். நாளுக்குப் பத்துக் குடம். பதினாலு வருடம். ஊரடங்கில் மலையில் கோயில் மூடிக்கிடந்த வருடத்தையும் சேர்த்தேன். அந்த வருடம் பூவைப் பறித்துக் குப்பையில் கொட்டினோம், மருந்தை மட்டும் நிறுத்தவில்லை. ஒரு வருடம் வண்டியிலிருந்து விழுந்து கால் உடைந்து பாதிப் பருவம் படுத்திருந்தார். அதைக் கழித்தேன். அன்று வரப்பில் இறங்கிய டேங்கைச் சேர்க்கவில்லை. அது முதுகில் ஏறவில்லை.

அதே டாக்டர்தான். மாத்திரை கேட்கிறதா என்று பார்த்தார். கிளாஸை ஒரு கையால் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். ஆடியது, கொட்டவில்லை. அப்புறம் சீட்டைத் திருப்பினார்.

"அன்னைக்குக் கேட்டேனே, எண்ணினீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் தாளை எடுத்து மேசைமேல் வைத்தேன். வாயாலும் சொன்னேன்.

எட்டாயிரத்து நூறு.